நூத்தம்பதுக்கு நூறு

வீட்டுக்குப் பின்னால், தண்ணீர் வார்த்துக்கொள்ளும் பொடக்காலி ஓரமாக வந்து நின்று ராமாமணி மோர் கேட்டாள்.

“நங்கையா, ஒரு டம்ளர் மோர் குடுங்க. நெஞ்சுக்குழியில கல்லு வெச்சாப்புல இருக்குது.”

குழந்தையம்மாள் அவளுடைய புருசனுக்கு அக்கா. அதனால் நங்கையா. முன்கூடமான ஆசாரத்தில், ஒறம்பரையாக வந்த சொந்தக்காரர்கள் சாப்பிட்டு எழுந்து வெற்றிலைத் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் வால்பாறையிலிருந்து வந்த அம்பாசிடர் கார் நாலு கதவையும் திறந்துபோட்டுக்கொண்டு நின்றது. ஏழு மாதம் நிறைந்த பெண்ணுக்கு அம்மா வீட்டார் ஏழு வகைச் சோறு கட்டி எடுத்து வந்து, எல்லார் முன்னாலும் ஊட்டி, பிரசவத்துக்குக் கூட்டிப்போகிற நாள் அது. கட்டுச்சோறு என்பார்கள். நாலரைக்கு ராகுகாலம் பிறப்பதற்குள் கார் ஊரைத் தாண்டியாக வேண்டும்.

“ஏழு சோத்தையும் ஒரே மூச்சுல தின்னா கல்லு வெச்சாப்புலதான் இருக்கும்” என்றாள் குழந்தையம்மாள்.

“நானெங்கீங்க தின்னேன்? எங்கம்மா ஊட்டி உட்டாங்க. மத்ததெல்லாம் ஒரு வாய்தானுங்க. புளிசோறு மட்டும் நாலு வாய்.”

மோரை வாங்கி ஒரு மிடறு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

“உப்புப் பத்தலீங்க நங்கையா.”

உப்புச்சட்டி அம்மிக்குப் பக்கத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. குழந்தையம்மாள் அதைப் பார்த்தாள். பிறகு ராமாமணியின் முகத்தைப் பார்த்தாள். கன்னம் உப்பி, கண் இரண்டும் இடுங்கி, சந்தனம் பூசிய நெற்றி மினுங்கிக்கொண்டிருந்தது. ஒறம்பரைப் பெண்கள் எல்லாரும் அந்தக் கன்னத்தைக் கிள்ளி, மாமியார் வீட்டுச் சாப்பாடு நல்லா ஒட்டியிருக்குது என்று சொல்லியிருந்தார்கள். குழந்தையம்மாள் சட்டிக்குள் கைவிட்டு ஒரு சிட்டிகை எடுத்து டம்ளரில் போட்டாள். ராமாமணி ஆள்காட்டி விரலால் கலக்கி, விரலைச் சூப்பி, மிச்சத்தைக் குடித்தாள்.

“இப்பச் செரி” என்றாள். “அடுத்த வாரம் ஒரு கட்டு கறேப்பல பஸ்ஸுல போட்டு உடச் சொல்லுங்க அவிங்கள. மலையில கெடைக்கறதுல வாசமே இருக்காது.”

இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு, பாதம் பாதமாகப் பார்த்து வைத்து, வீட்டுக்குள் போனாள்.

குழந்தையம்மாள் முன்பக்கம் போகவில்லை. கார் கிளம்பும் சத்தத்தைப் பொடக்காலியில் நின்றேதான் கேட்டாள். கல்யாணமாகி இரண்டாம் வருசமே தாலியை இழந்து, பிள்ளையும் இல்லாமல், வெள்ளைச் சீலையோடு அம்மா வீட்டுக்குத் திரும்பியவள் அவள். யாரும் அவளை வராதே என்று சொல்வதில்லை. இத்தனை வருசத்தில் சொல்லவேண்டிய அவசியமும் இருந்ததில்லை. நல்ல காரியமென்றால் அடுப்படியையும் பொடக்காலியையும் அவளே தனக்கென்று எடுத்துக்கொள்வாள். முன்னால் நின்று வழியனுப்ப முடியாதவளை ராமாமணியே பின்னால் தேடி வந்தது மோருக்காக மட்டுமல்ல என்று அவளுக்குத் தெரியும்.

அவளுக்கு மட்டும் தெரிந்தது இன்னொன்றும் இருந்தது. அதைச் சொல்லத்தான் காலையிலிருந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

காரமடைக்கு மேற்கே, மலையைப் பார்த்த காட்டில் அவர்களுக்கு மூன்று ஏக்கர் கறிவேப்பிலை. முன்பு சோளமும் கடலையும் போட்ட காடு. தம்பி அரங்கசாமி தலையெடுத்த பிறகு கறிவேப்பிலை வைத்தான். மூன்று மாதத்துக்கொரு முறை வெட்டு. விடியலில் ஆட்கள் இறங்கி அடியோடு அறுத்துப் போட, வெயில் ஏறுவதற்குள் கட்டுக் கட்டி, ஈரச்சாக்கு போர்த்தி லாரியில் ஏற்ற வேண்டும். சாயங்காலம் பாலக்காட்டில் இருக்க வேண்டும். வெட்டு நடக்கும் வாரத்தில் வீட்டில் யாருடைய கையை முகர்ந்தாலும் அந்த வாசம்தான். வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு அது குமட்டும் என்பார்கள். ராமாமணிக்கோ பிடித்திருந்தது. களத்தில் போய் உட்கார்ந்து கட்டுக் கட்டுவாள்.

ஆட்களுக்கு மேஸ்திரி மாசாணம். ஐம்பது வயதுக்காரி, வாய்க்குப் பூட்டில்லாதவள். ஐந்தாம் மாதம் ராமாமணியைக் கோயமுத்தூருக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்து வந்த அன்று, படத்தை முதலில் வாங்கிப் பார்த்தவள் அவள்தான்.

“இதுல எதுங்க அம்மிணி மூக்கு?”

“இதா, இந்த வெள்ளையா இருக்குதே, இதுதான்” என்றாள் குழந்தையம்மாள்.

“அப்ப இது சின்னப் பண்ணாடி கொழந்தையே இல்லீங்க. இந்த ஊட்டு மூக்கா இருந்தா படத்துக்குள்ள அடங்கியிருக்குமா?”

எல்லாரும் சிரித்தார்கள். அரங்கசாமி மூக்கைத் தடவிக்கொண்டே அந்தப் பக்கம் போனான். படத்தோடு வந்த தாள் இங்கிலீசில் இருந்தது. அந்த வீட்டில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவள் குழந்தையம்மாள் ஒருத்திதான். ஆசாரத்தில் உட்கார்ந்து, எழுத்துக்கூட்டி, விரலை ஓட்டி ஓட்டிப் படித்தாள். நாலு இடத்தில் நார்மல் என்று போட்டிருந்தது. நாலு தடவையும் சத்தமாகச் சொன்னாள்.

“கொழந்தைக்கு நெஞ்சு நார்மல். தண்ணி நார்மல். முதுகெலும்பு நார்மல். வளர்த்தி நார்மல்.”

“அப்பறம் என்ன” என்றாள் அவள் அம்மா ராசாத்தாள். “எல்லாம் நார்மல்.”

அந்த உறையைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவைத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தால் எடுத்துக் காட்டுவார்கள். குழந்தையம்மாளைப் படிக்கச் சொல்வார்கள். நல்ல சேதியை வாயால் சொல்வதற்கு அந்த வீட்டில் அவளைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவளுக்கு அது மனப்பாடமே ஆகிவிட்டது.

கட்டுச்சோற்றுக்கு மூன்று நாள் முந்தி, வியாழக்கிழமை, நர்சு உம்மல் குல்சும் வந்தாள். மாதம் ஒருமுறை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தே வருவாள். ராமாமணியைக் கட்டிலில் உட்காரவைத்து, கையில் பட்டையைச் சுற்றி, ரப்பர் உருண்டையை அமுக்கினாள். புஸ் புஸ் என்று காற்று ஏறியது. கண்ணாடிக்குள் பாதரசம் மேலே போய் மெல்ல இறங்கியது. நர்சு மறுபடி அமுக்கினாள். பிறகு இடப்பக்கமாகப் படுக்கச்சொல்லி, சித்தெ நேரம் கழித்து, இன்னொரு கையில் பார்த்தாள்.

“தலைவலி இருக்குதா கண்ணு?”

“நேத்தைக்கு இருந்துதுங்க. தைலம் தேச்சேன்.”

“கண்ணுக்கு முன்னால பூச்சி பறக்கறாப்புல?”

“அது வெயில்ல கட்டுக் கட்டறதுனாலங்க.”

கால் இரண்டும் முழங்கால் வரை வீங்கியிருந்தது. நர்சு விரலால் அழுத்தி எடுத்தாள். பள்ளம் அப்படியே நின்றது. சிறுநீர் வாங்கி வரச்சொல்லி, கண்ணாடிக் குழாயில் ஊற்றி, சின்ன ஸ்பிரிட் விளக்கில் காட்டினாள். சூடு ஏற ஏற அது திரிந்த பாலைப்போல் வெளுத்தது. ராமாமணியிடம், “கொஞ்சம் பிரசர் இருக்குது, களத்துக்கெல்லாம் போகாதீங்க, படுத்திருங்க” என்று சொல்லிவிட்டு, குழந்தையம்மாளை மாட்டுக்கொட்டாய் வரை கூட்டிக்கொண்டு போனாள்.

“அக்கா, நீங்க படிச்சவிங்க, அதனால உங்ககிட்டச் சொல்றேன். நூத்தம்பதுக்கு நூறு இருக்குது. போன மாசம் நூத்திப்பத்துக்கு எழுவதுதான். மூத்திரத்துல சத்தெல்லாம் போகுது. இது நல்லால்லீங்க.”

“வெசனப்படறாப்புலீங்களா?”

“வெசனப்பட்டுட்டு உக்காந்திருக்கற வெசயம் இல்லீங்க. நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. படுக்க வெச்சுப் பாப்பாங்க. உப்பைக் கொறைங்க. தலைவலி சாஸ்தியானாலோ, கண்ணு மங்குனாலோ, நெஞ்சுக்குழியில வலின்னாலோ ஒரு நிமிசம் தாமசிக்கப்படாது. வலிப்பு வந்துபோடும். வந்துட்டா ரெண்டு உசுரும் நம்ம கையில இல்லை.”

“ஞாயித்துக்கெழமை கட்டுச்சோறுங்க. வால்பாறைக்குக் கூட்டிட்டுப் போறாங்க.”

பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்த நர்சின் கை நின்றது.

“மலைக்கா? வேண்டாங்கக்கா. நாப்பது வளைவு. இந்த மழையில ஏறிட்டா எறக்கறது லேசில்லை. சோத்தை ஊட்டட்டும், புள்ளையை இங்கயே வெச்சுக்கங்க. நர்சு சொன்னான்னு சொல்லுங்க.”

ஒரு சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். குழந்தையம்மாள் அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ராசாத்தாள் அப்போது கச்சாயத்துக்கு மாவு இடித்துக்கொண்டிருந்தாள். உலக்கையை நிறுத்தாமலே எல்லாவற்றையும் கேட்டாள்.

“என்ன ஏதுன்னு பாக்கத்தான கோயமுத்தூரு வரைக்கும் போயி ஸ்கேன் எடுத்தம்? நீதான படிச்ச, எல்லாம் நார்மல்னு?”

“அது அஞ்சா மாசம் எடுத்ததும்மா.”

“அஞ்சுல நல்லா இருந்தது ஏழுல அழுகிப்போறதுக்கு அதென்ன பூசணிக்காயா? வவுத்துக்குள்ள இருக்கற கொழந்தையோட வெரலை எண்ணிச் சொல்லுது அந்த மெசினு. இவ கையில பையைக் கட்டி ஊதிப்போட்டு என்னத்தைக் கண்டா?”

“காலு வீங்கியிருக்குதும்மா.”

“உன்னைச் சொமக்கறப்ப எனக்குந்தான் வீங்குச்சு. எனக்கு ஆரு ஊதிப் பாத்தா?” ராசாத்தாள் இப்போது உலக்கையைச் சாய்த்து வைத்தாள். “இந்த ஞாயித்துக்கெழமைய உட்டா ஆடி பொறந்துரும். ஆடியில ஆராச்சும் புள்ளையைத் தாட்டி உடுவாங்களா? ஆவணியில ஒம்பது நடக்கும். சோறு கட்டீட்டு அத்தன வளைவு எறங்கி வாரவிங்ககிட்ட, உம்புள்ளைய உடமாட்டம், வெறுஞ்சட்டியோட போங்கன்னு சொல்றதா? அதும் நீ போயி சொல்றதா?”

அந்தக் கடைசி வார்த்தையை அவள் கோபமாகச் சொல்லவில்லை. மகள்மேல் இரக்கத்தோடுதான் சொன்னாள். குழந்தையம்மாள் இடுப்பிலிருந்த சீட்டை இன்னும் உள்ளே தள்ளிச் செருகிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை பெரிய வெட்டு. அரங்கசாமி லாரியோடு பாலக்காடு போனவன் சனிக்கிழமை மத்தியானம்தான் வந்தான். வந்தவன் பந்தக்காலுக்கும் வாழை மரத்துக்கும் அலைந்தான். ஒருமுறை தண்ணீர் கேட்டு அடுப்படிக்கு வந்தான். சொல்லிவிடலாம் என்று குழந்தையம்மாள் சொம்பை நீட்டினாள். “எங்கக்கா ஆக்குனா அம்பது பேருக்குன்னு சொல்லி நூறு பேரு திம்பாங்க” என்று சிரித்துவிட்டுக் குடித்தான். அவன் அவ்வளவு சந்தோசமாக இருந்து அவள் பார்த்து நாளாகியிருந்தது.

அவள் கணக்குப் போட்டாள். ஞாயிறு நல்லபடியாகக் கழியட்டும். நல்ல நாளில் தன் வாயிலிருந்து அந்த வார்த்தை வரவேண்டாம். நாளைக்கு எது ஆனாலும் இவள் வாயில் விழுந்ததுதான் என்பார்கள். திங்கட்கிழமை காலை காரமடை போய், வால்பாறையில் அவர்கள் வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் கடைக்குப் போன் போட்டு, சம்மந்தியிடம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம். அங்கேயும் எஸ்டேட் ஆஸ்பத்திரி இருக்கிறது.

இருந்தும் மனசு கேட்கவில்லை. ஞாயிறு காலையில் ராமாமணியின் துணிப்பையில் ஸ்கேன் உறை வைக்கப்பட்டிருப்பதைப் பார்த்தாள். நர்சு சீட்டை அந்த உறைக்குள், படத்துக்குப் பின்னால், மடித்து வைத்தாள். எப்படியும் அங்கே டாக்டரிடம் காட்டுவார்கள், உறையைப் பிரித்ததும் கண்ணில் படும் என்று நினைத்தாள். சொல்லாமலே சொன்னதாகிவிடும்.

திங்கட்கிழமை காலை ஒறம்பரைப் பாத்திரங்கள் குவிந்து கிடந்தன. கழுவிக் கவிழ்க்கும்போதே பத்து மணியாகிவிட்டது. உம்மல் குல்சும் அன்றைக்கு வரவேண்டிய முறையே இல்லை. வந்தாள்.

“ஆஸ்பத்திரியில என்ன சொன்னாங்கக்கா? எங்க அவிங்க?”

குழந்தையம்மாள் பதில் சொல்வதற்குள் ராசாத்தாள் சொன்னாள்: “அவிங்க அம்மாகூடத் தாட்டி உட்டாச்சுங்க. நல்லாத்தான் போனா.”

நர்சு குழந்தையம்மாளைப் பார்த்தாள். பையைத் தோளிலிருந்து இறக்கக்கூட இல்லை.

“போன் நெம்பர் இருக்குதுங்களா?” என்று மட்டும் கேட்டாள்.

காரமடை எஸ்.டி.டி. பூத்தில் வரிசையில் நின்று மூன்று தடவை போட்டுப் பார்த்தார்கள். மணியே அடிக்கவில்லை. மலையில் நாலு நாளாக அடைமழை, மரம் விழுந்து லைன் அறுந்து கிடக்கிறது என்று பூத்துக்காரர் சொன்னார். கண்ணாடிக்கு வெளியே இரண்டு பேர் தட்டிக்கொண்டிருந்தார்கள். குழந்தையம்மாள் ரிசீவரைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். நர்சுதான் அதை வாங்கி மாட்டினாள்.

“உங்க தம்பிகிட்டச் சொல்லுங்கக்கா. இப்பவே.”

காட்டில் மாசாணத்தின் ஆட்கள் மிச்சமிருந்த பாத்தியை அறுத்துக்கொண்டிருந்தார்கள். மேற்கே மலை தெரியவில்லை, மேகம்தான் நின்றது. காற்றில் தூறல் தெறித்தது. அரங்கசாமி குனிந்து வாழைநாரால் கட்டை இறுக்கிக்கொண்டிருந்தான். அக்கா அந்த நேரத்தில் காட்டுக்குள் நடந்து வருவதைப் பார்த்து நிமிர்ந்தான்.

“என்னக்கா? சோத்தை ஆள்கிட்டக் குடுத்து உட்டிருக்கலாமல்ல?”

“வால்பாறைக்கு லைன் போகலே.”

“மழைன்னா போகாதுதான். இப்ப என்ன அவசரம்?”

சொன்னாள். நர்சு சொன்ன வரிசையிலேயே, எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். ஸ்கேன் தாளைப் படித்தமாதிரியே இருந்தது அவள் குரல். ஆட்களின் அரிவாள் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது.

“என்னைக்குச் சொன்னாங்க இதை?”

“வியாழக்கிழமை.”

“வெள்ளி” என்றான் அவன். “சனி. ஞாயிறு.”

கட்டை அப்படியே விட்டுவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தான். சட்டையை மாட்டிக்கொண்டு தெற்கே போன முதல் பஸ்ஸில் ஏறினான். வாயாடி மாசாணம் அவன் விட்டுப்போன கட்டை எடுத்து நாரை முடிந்தாள். குழந்தையம்மாளைப் பார்த்து, “நீங்க ஊட்டுக்குப் போங்க அம்மிணி, நனையறீங்க” என்றாள்.

பொள்ளாச்சிக்கு மேல் அன்றைக்குப் பஸ் ஏறவில்லை. பாதையில் விழுந்த மரத்தை அறுத்து எடுத்த பிறகு, செவ்வாய்க்கிழமை விடிந்துதான் முதல் வண்டியை விட்டார்கள். மேலே திங்கட்கிழமை முழுக்க ராமாமணி தலைவலியோடு படுத்திருந்திருக்கிறாள். பயணக் களைப்பு என்று சுக்குப் பற்றுப் போட்டிருக்கிறார்கள். செவ்வாய் விடியலில் வலிப்பு வந்தது. எஸ்டேட் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, இங்கே வைத்துக்கொள்ள முடியாது, கீழே கொண்டுபோங்கள் என்று ஜீப்பும் கொடுத்தார்கள்.

அரங்கசாமியின் பஸ் ஒன்பதாவது வளைவில், எதிரே இறங்கி வந்த ஜீப்புக்கு ஒதுங்கி வழி விட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவன் ஜீப்பின் முன்சீட்டில் மாமியார் லட்சுமியம்மாளைப் பார்த்தான். அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள். கத்திக்கொண்டே இறங்கி ஓடினான். ஜீப் அடுத்த வளைவில் நின்றது. அவன் ஏறும்போது ராமாமணிக்கு மூச்சு இருந்தது. ஆழியாறு செக்போஸ்டைத் தாண்டும்போது இல்லை. குழந்தையும் உள்ளேயே அடங்கிப்போனது.

இதையெல்லாம் அவன் ஒரே ஒருமுறை, கருமாதி முடிந்த அன்று சொன்னான். வியாழக்கிழமையைப் பற்றி அன்றும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை. கேட்டுவிட்டால் தேவலை என்று குழந்தையம்மாள் ஒவ்வொரு வேளையும் சோறு போடும்போது நினைத்தாள். அவன் தலையைக் குனிந்து சாப்பிட்டுவிட்டு, “போதுங்கக்கா” என்று எழுந்து போவான்.

அந்த வீட்டில் யாரும் பேய் பிசாசு என்று பேசவில்லை. ஆனால் பொழுது சாயும் நேரத்தில், மூன்றரை நாலு மணிக்கு, ராசாத்தாள் அடுப்படியிலிருந்து பொடக்காலியைப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

“ஆரோ நிக்கறாப்புல இருந்துது.”

“ஆருமில்லம்மா.”

“கையில டம்ளரு வெச்சுக்கிட்டு நின்னாப்புல இருந்துது புள்ள.”

டம்ளரைப் பற்றிக் குழந்தையம்மாள் யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கவும் பயந்தாள். அந்த மாதத்திலிருந்து வீட்டில் மோர் கடைவதை நிறுத்திவிட்டார்கள். பாலை அப்படியே சொசைட்டிக்கு ஊற்றினார்கள்.

ஆடி கழிந்து லட்சுமியம்மாள் வந்தாள். மகளின் துணிகளையும் பையையும் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போக வந்திருந்தாள். ஆசாரத்தில் பாயைப் போட்டதும் உட்கார்ந்தாள். நாற்பது நாளில் பத்து வயது கூடியிருந்தது.

“எதுனால போனான்னே தெரியலீங்க சம்மந்தி” என்றாள் ராசாத்தாளிடம். “காத்துக் கருப்பா, நாங்க செஞ்ச சோத்துல ஏதாச்சும் கொறையான்னு நெனச்சு நெனச்சுப் பாக்கறேன். அன்னைக்குப் புளிசோறு கொஞ்சம் அடிப்புடிச்சுப் போச்சுங்க. அதையும் ஊட்டி உட்டேன். ஸ்கேன்லகோட எல்லாம் நார்மல்னுதான போட்டிருந்துது?” குழந்தையம்மாள் பக்கம் திரும்பினாள். “நீதான அம்மிணி படிச்சு சொன்ன? எங்க, இன்னொருக்கா படி. நான் கேக்கறேன்.”

பையிலிருந்து உறையை எடுத்து நீட்டினாள். குழந்தையம்மாள் வாங்கிப் பிரித்தாள். படத்துக்குப் பின்னால் சீட்டு, அவள் மடித்த மடிப்போடு அப்படியே இருந்தது. யாரும் பிரித்திருக்கவில்லை. ராசாத்தாள் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்பதுபோல. லட்சுமியம்மாளின் கண்கள் தாளிலேயே இருந்தன. அவளுக்குப் படிக்கத் தெரியாது. நாலு நார்மலையும் மறுபடி சொல்லிவிட்டு உறையை மூடியிருக்கலாம். அந்த அம்மாள் அடிப்பிடித்த சோற்றை நினைத்துக்கொண்டே மலையேறிப் போயிருப்பாள்.

குழந்தையம்மாள் சீட்டைப் பிரித்தாள்.

“ராமாமணி, கணவர் பெயர் அரங்கசாமி. ஏழு மாதம் முடிந்தது. ரத்த அழுத்தம் நூத்தம்பதுக்கு நூறு. கால் வீக்கம். சிறுநீரில் உப்பு... இல்லீங்க, சிறுநீரில் சத்து. உடனடியாகப் பெரியாஸ்பத்திரியில் சேர்க்கவும். பயணம் கூடாது.”

“இதென்னது? இது எப்ப எழுதுனது?”

“கட்டுச்சோத்துக்கு மூணு நா முந்திங்க. நர்சம்மா எங்கிட்டத்தானுங்க குடுத்தாங்க. சோத்துல ஒரு கொறையும் இல்லீங்க.”

லட்சுமியம்மாள் சீட்டிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தாள். திட்டவில்லை. மண்ணை வாரித் தூற்றவில்லை.

“நீ என்ற புள்ளைக்கு எழுத்துச் சொல்லிக் குடுத்தவ” என்றாள். “நங்கையாகிட்டப் பேப்பர் படிச்சம்மான்னு காயிதம் போடுவா.”

பிறகு சீட்டைக் கேட்டு வாங்கி, முந்தானை நுனியில் முடிந்துகொண்டு எழுந்தாள். ராசாத்தாள் கொண்டுவந்த தண்ணீர்ச் சொம்பு அப்படியே இருந்தது. வாசலில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நடந்தாள்.

மூன்று வருசம் கழித்து அரங்கசாமிக்கு அன்னூர்ப் பக்கம் இன்னொரு பெண் எடுத்தார்கள். பெயர் திலகமணி. அவன் வேண்டாம் வேண்டாம் என்றுதான் சொன்னான். அவளுக்கு நாள் தள்ளிப்போனது தெரிந்ததும் குழந்தையம்மாள் யாரையும் கேட்கவில்லை. வாராவாரம் வியாழக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு நர்சு இருக்கும் துணைச் சுகாதார நிலையத்துக்குப் பஸ் ஏறினாள்.

“மாசத்துக்கு ஒருக்கா பாத்தாப் போதுங்கக்கா” என்பாள் உம்மல் குல்சும், பட்டையைச் சுற்றிக்கொண்டே.

“இருக்கட்டுங்க. நீங்க பாருங்க.”

“நூத்திப்பத்துக்கு எழுவது. போன வாரமும் அதேதானுங்க.”

“இன்னொரு கையிலயும் பாருங்க.”

திலகமணி சிரித்துக்கொண்டே இன்னொரு கையை நீட்டுவாள். நங்கையாவுக்குத் தன்மேல் அவ்வளவு பிரியம் என்று அவள் தன் வீட்டில் சொல்லிக்கொள்வதாகக் கேள்வி. கட்டுச்சோறு இந்தமுறை ஊட்டுவதோடு நிறுத்திக்கொள்ளப்பட்டது. பிரசவம் கோயமுத்தூரில்தான் என்று அரங்கசாமி முதலிலேயே சொல்லியிருந்தான். இதற்கு ராசாத்தாள் வாயைத் திறக்கவில்லை.

எட்டாம் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, நர்சு, கர்ப்பிணிகளின் பெயர் எழுதும் பெரிய புத்தகத்தைப் பிரித்து வைத்திருந்தாள். குழந்தையம்மாள் கேட்டாள்.

“தொண்ணூத்தஞ்சாம் வருசத்துப் புத்தகம் இருக்குதுங்களா?”

நர்சு அவளை நிமிர்ந்து பார்த்தாள். “எதுக்குங்கக்கா?”

“பாக்கோணும்.”

அலமாரியின் அடித்தட்டிலிருந்து எடுத்து, தூசியைத் தட்டி, பக்கத்தைத் தேடிக் கொடுத்தாள். வரிசையாகப் பெயர்கள். கடைசிக் கட்டத்தில் பிரசவ விவரம். ஆண், இரண்டு கிலோ எண்ணூறு. பெண், மூன்று கிலோ. ஆண். பெண். பதினேழாவது வரியில் ராமாமணி. அதற்கு நேரே உள்ள கட்டத்தையும் குழந்தையம்மாள் படித்தாள். விரலை அதன்மேல் வைத்துக்கொண்டே கேட்டாள்.

“இதை மாத்தலீங்களா?”

“எங்கீங்க மாத்தறது? நடுவழியில போயிட்டாங்க. மலையில பதிவாங்கன்னு நான் இருந்தேன். நாங்க பதிவம்னு அவிங்க இருந்திருப்பாங்க. எழுத்துல எங்கிட்ட ஒண்ணும் வல்லை. வராம நானா எழுதக்கூடாதுங்கக்கா.”

“அந்த வருசக் கணக்குல?”

“இந்த ஊருல அந்த வருசம் பிரசவத்துல ஒரு சாவும் இல்லைன்னுதான் மேல போச்சு.”

வெளியே திலகமணி பஸ் வருகிறது என்று கூப்பிட்டாள். குழந்தையம்மாள் விரலை எடுத்தாள். நர்சு புத்தகத்தை மூடி, பழைய இடத்திலேயே, அடித்தட்டில் வைத்தாள். பதினேழாவது வரியின் கடைசிக் கட்டத்தில், நீல மையில், ‘பிரசவத்துக்குத் தாய்வீடு சென்றுள்ளார்’ என்றே இருக்கிறது.